ஊறுகாய் ஜாடியின் அடக்க விலை

"கடையில எதுக்கு வாங்கணும்? வீட்டிலேயே போட்டா பாதி விலைதான் ஆகும்!"

கோடைகாலம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் யாராவது ஒருவர் இந்த வசனத்தைச் சொல்லிவிடுவார். சொல்பவர் பெரும்பாலும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். போடுபவர் மொட்டை மாடியில் வெயிலில் நின்றுகொண்டிருப்பார்.

அந்தப் "பாதி விலை" சரியான கணக்குதானா? பி.காம் முதலாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள், ஒரு பொருளின் அடக்க விலை என்றால் மூலப்பொருள், கூலி, இதரச் செலவு மூன்றும் சேர்ந்தது என்று. ஊறுகாய் ஜாடிக்கு மட்டும் நடுவில் உள்ள வரி எப்போதும் காலியாகவே இருக்கிறது. அந்தக் காலி வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மொட்டை மாடியில் ஒரு தொழிற்சாலை

முதலில் வேலை என்னவென்று பார்க்கலாம். சாப்பிடுகிற பலருக்கு இது தெரியாது.

மாசி, பங்குனியில் மாவடு சந்தைக்கு வரும். காம்போடு, அடிபடாத வடுவாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பு, மஞ்சள் தூள், மிளகாய்த்தூள், கடுகுத்தூள் போட்டு ஜாடியில் அடைக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஊற்றுவதில்லை. உப்பு இழுக்க இழுக்க வடுவிலிருந்தே தண்ணீர் விடும், வடு சுருங்கும். அது வரை தினமும் மறக்காமல் குலுக்கிவிட வேண்டும்.

அதே சமயத்தில் புதுப்புளி வந்துவிடும். ஓடு, நார், கொட்டை எல்லாம் எடுத்துக் காயவைத்து, உப்புத் தூவி அடைத்தால் ஒரு வருஷத்துக்கு வரும். அதற்கடுத்து வருஷத்து மிளகாய்த்தூள். அதற்கடுத்து வற்றல், வடகம்.

கூழ் வடகம் என்றால் விடியும் முன்பே அடுப்பு பற்ற வேண்டும். அரிசி மாவைக் கட்டி தட்டாமல் கிளறி, வெயில் ஏறும் முன் வேட்டியை விரித்துப் பிழிய வேண்டும். பிறகு காக்காய்க்குக் காவல். சாயங்காலம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரித்தெடுத்து மறுபடி காயவைக்க வேண்டும். மோர் மிளகாய் இன்னும் மோசம். பகலில் வெயிலில், இரவில் திரும்பவும் மோரில் என்று மோர் முழுக்க வற்றும் வரை பல நாள் இதே கதை. நடுவில் ஒரு கோடை மழை வந்தால் போட்டது எல்லாம் போச்சு.

கடற்கரை ஊர்களில் இதே வெயிலில் நெத்திலியும் வாளையும் கருவாடாகும். ஆட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவி நூலில் கோத்துக் காயவைத்தால் உப்புக்கண்டம். பொருள்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

மூலப்பொருள் கொள்முதல், தரம் பார்த்தல், பருவத்துக்கு ஏற்ற திட்டம், உற்பத்தி, சேமிப்பு, வருஷம் முழுக்கப் பங்கீடு... ஒரு கம்பெனியில் இதற்கெல்லாம் தனித்தனி டிபார்ட்மெண்ட் இருக்கும். வீட்டில் ஒரே ஒரு அம்மா அல்லது ஒரு பாட்டி. அதையும் "சும்மாதானே இருக்காங்க, ஏதோ பொழுது போகும்" என்று சொல்லிவிடுவார்கள்!

கைராசி இல்லை சார், அறிவியல்

"அவங்க கைராசி, ஊறுகாய் கெடவே கெடாது" என்று பாராட்டுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இந்தப் பாராட்டில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. அறிவை ராசி என்று சொல்லித் தள்ளிவிடுகிறது.

உணவு ஏன் கெடுகிறது? கிருமிகள் வளர்வதால். அவை வளர ஈரமும் இதமான சூழலும் வேண்டும். வெயில் ஈரத்தை எடுத்துவிடுகிறது. உப்பு, மிச்சமிருக்கிற தண்ணீரைக் கிருமிக்குக் கிடைக்காமல் பிடித்து வைக்கிறது. புளிப்பு பெரும்பாலான கிருமிகளை வளர விடாது. மேலே நிற்கிற எண்ணெய் காற்றையும் அதோடு வரும் பூஞ்சையையும் தடுக்கிறது. ஈரக் கரண்டி போடாதே, ஜாடியை வெயிலில் காயவை, வாயில் வேடு கட்டு, எண்ணெய் மேலே நிற்கட்டும் என்று பாட்டி கத்துவது எல்லாமே இதற்காகத்தான். காரணத்தின் பெயர் தெரியாமல் இருக்கலாம். விதி சரியாகத் தெரியும்.

காரணம் தெரியாமல் விதியைக் கண்டுபிடித்தவருக்குப் பரிசும் பேரும் கிடைத்த கதை ஒன்று உண்டு. ஃபிரான்ஸ் நாட்டு மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தக்கையால் இறுக அடைத்துக் கொதிநீரில் வேகவைத்தால் நெடுநாள் கெடாது என்று கண்டுபிடித்தார். 1810ல் அரசாங்கம் அவருக்கு 12,000 ஃபிராங்க் கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கும் தெரியாது. லூயி பாஸ்டர் வந்து கிருமிகளைப் பற்றி விளக்கியதே அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான். அப்பேரை இன்று உலகம் டப்பா உணவுத் தொழிலின் தந்தை என்கிறது. மோர் மிளகாயைக் கண்டுபிடித்தவர் யார்? பெயர்கூடக் கிடையாது!

சரி, அறிவு இல்லாமல் முறையை மட்டும் காப்பி அடித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் காய்கறிகளைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து வைப்பது பல வீடுகளில் இருக்கிற வழக்கம். 2015 ஏப்ரலில் ஒஹையோ மாநிலத்தின் லங்காஸ்டர் ஊரில் ஒரு சர்ச் விருந்தில் சாப்பிட்ட 29 பேருக்கு போட்டுலிசம் என்ற நோய் வந்தது. நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடிய நோய். ஒருவர் இறந்தார். காரணம், வீட்டில் ஜாடியில் அடைத்த உருளைக்கிழங்கில் செய்த சாலட். அந்த ஜாடிகளை அழுத்தக் கருவியில் வைக்காமல் வெறும் கொதிநீரில் வைத்திருந்தார்கள்.

இந்தக் கிருமி ஸ்போர் எனப்படும் விதை போன்ற வடிவத்தில் மண்ணில் எங்கும் இருக்கிறது. 100 டிகிரி கொதிநீரில் அது சாகாது. அதைக் கொல்ல அழுத்தத்தில் 116 முதல் 121 டிகிரி வரை, உணவுக்கும் ஜாடியின் அளவுக்கும் ஏற்ற நேரத்துக்குச் சூடு வேண்டும். காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, ஈரமான இடம்தான் அதற்கு சொர்க்கம். அதாவது நன்றாக மூடிய ஜாடி! ஆனால் பி.எச். அளவு 4.6க்குக் கீழே, அதாவது போதுமான புளிப்பு இருந்தால் அது வளராது. அதனால்தான் மாங்காய், எலுமிச்சை ஊறுகாயில் இந்தப் பயம் இல்லை. பூண்டுக்குத் தனிப் புளிப்பு கிடையாது, அதனால் பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சையோ சேர்கிறது. வெறும் எண்ணெயில் பூண்டைப் போட்டு ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்தால் அது ஆபத்து.

தக்காளி இந்த 4.6 எல்லைக்கோட்டில் நிற்கிற ஆசாமி. சில ரகம் உள்ளே, சில ரகம் வெளியே. அதனால் அமெரிக்க விவசாயத் துறை, ஜாடியில் அடைக்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தக்காளிக்கு 2 மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறது. நம் ஊர் தக்காளித் தொக்கில் புளி போடுவதும், எண்ணெய் பிரிந்து வரும் வரை தண்ணீர் வற்ற வதக்குவதும் அதே திசையில் போகிற வேலைகள்தான். அதை விட்டுவிட்டு ஒரு வீடியோவைப் பார்த்துத் தக்காளியை அரைத்து, ஒரு கொதி விட்டு, பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைப்பது சிக்கனம் இல்லை, சூதாட்டம். அப்படிச் செய்ய ஆசை இருந்தால் ஃப்ரீசரில் வைப்பது நல்லது.

ஆக, ஜாடிக்குள் போவது மாங்காயும் உப்பும் மட்டும் இல்லை. ஒரு தரக் கட்டுப்பாட்டு அதிகாரியின் வேலையும் போகிறது. தொழிற்சாலையில் அந்த அதிகாரிக்கு மாதச் சம்பளம்.

தக்காளி சொல்லும் பாடம்

இவ்வளவு கஷ்டம் எதற்கு, விட்டுவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் சரியில்லை. தக்காளியைப் பாருங்கள்.

2023 ஜூலையில் தமிழ்நாட்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனது. சென்னை ரேஷன் கடைகளில் அரசாங்கமே கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை வந்தது. இதே தக்காளி வரத்து அதிகமாகும் மாதங்களில் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல், பாலக்கோடு பக்கமும் ஒட்டன்சத்திரம் பக்கமும் விவசாயிகள் செடியிலேயே விடுவதும் ரோட்டில் கொட்டுவதும் பல முறை செய்தியாக வந்திருக்கிறது. ஒரே பொருள், ஒரே மாநிலம், சில மாத இடைவெளி.

இந்த இடைவெளிக்குப் பாலம் போடுவதுதான் சேமிப்பு. விலை இறங்கும்போது வாங்கிப் பதப்படுத்தி, ஏறும்போது எடுத்துப் பயன்படுத்துவது. பெரிய வியாபாரி இதைச் செய்தால் சரக்கிருப்பு மேலாண்மை என்று பாடப் புத்தகத்தில் போடுவார்கள். வீட்டில் செய்தால் "அம்மா தொக்கு கிளறிட்டு இருக்காங்க". அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு தெருவில் நாலு வீடு மலிவுக் காலத்தில் 10 கிலோ வாங்கினால் அந்த நேரத்தில் விவசாயிக்கும் கொஞ்சம் விற்கும். எனவே வேலை வீண் இல்லை. வேலையைக் கணக்கில் எழுதாததுதான் பிரச்சினை.

ஒரு உதாரணக் கணக்கு

எழுதித்தான் பார்க்கலாமே. எண்கள் உதாரணத்துக்கு மட்டும், அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

தக்காளி 10 கிலோ, கிலோ 15 ரூபாய் வீதம் - ரூ.150
நல்லெண்ணெய் - ரூ.300
மிளகாய்த்தூள், புளி, உப்பு, கடுகு, வெந்தயம், பெருங்காயம் - ரூ.100
கேஸ் - ரூ.50
மொத்தம் - ரூ.600

தண்ணீர் வற்றி 3 கிலோ தொக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கிலோ அடக்கம் 200 ரூபாய். கடையில் கிலோ 300 என்றால் 3 கிலோவுக்கு 300 ரூபாய் மிச்சம். "பார்த்தியா, சொன்னேன்ல!" என்று ஃபேனுக்குக் கீழே இருப்பவர் துள்ளிக் குதிப்பார்.

பொறுங்கள். கழுவ, நறுக்க, அரைக்க, அடிப்பிடிக்காமல் கிளற, ஆறவைத்து அடைக்க, கடைசியில் எண்ணெய் தெறித்த அடுப்பையும் சுவரையும் துடைக்க, எல்லாம் சேர்த்து 6 மணி நேரம். 300ஐ 6ஆல் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய். அந்த 300 ரூபாய் "மிச்சம்" இல்லை, ஒருவருடைய கூலி. அது குடும்பத்தின் பாக்கெட்டுக்குப் போய்விட்டது, உழைத்தவர் கைக்கு வரவில்லை. எடுத்த செலவு எழுதப்படாவிட்டால் லாபம் பெரிதாகத் தெரியும். தணிக்கையாளர் யாராவது இப்படி ஒரு கணக்கில் கையெழுத்துப் போடுவாரா?

கணக்கெடுப்பிலும் காணோம்

இது வீட்டுக்குள் மட்டும் நடக்கிற தப்பு இல்லை. ஐ.நா.வும் உலக வங்கியும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 1993ல் வெளியிட்ட தேசியக் கணக்கு முறையில் சுவாரசியமான ஒரு பிரிப்பு உண்டு. வீட்டுக்காகச் சமைப்பது, பெருக்குவது, குழந்தை வளர்ப்பது இவை உற்பத்தி எல்லைக்கு வெளியே. ஆனால் சொந்த உபயோகத்துக்காகப் பழத்தை உலர்த்தியோ பாட்டிலில் அடைத்தோ பதப்படுத்துவது எல்லைக்கு உள்ளே! ஏனென்றால் அது ஒரு பொருளை உண்டாக்குகிறது, வைத்திருக்கலாம், விற்கவும் விற்கலாம். 2008ல் வந்த திருத்திய பதிப்பிலும் இப்படித்தான்.

இந்தியாவில் வேலைவாய்ப்பு பற்றிய கணக்கெடுப்புகளில் நிலைமை வேறு. வருஷம் முழுக்க வீட்டுக்கு வற்றலும் வடகமும் ஊறுகாயும் போடுகிற பெண், வேறு வேலை எதுவும் செய்யாவிட்டால், "வீட்டு வேலை" என்ற பட்டியலில்தான் போவார். உழைப்பாளர் எண்ணிக்கையில் அவர் கிடையாது.

எவ்வளவு நேரம் போகிறது என்பதற்கு மட்டும் ஓரளவு கணக்கு இருக்கிறது. 2019ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவழித்தார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். 2024 கணக்கெடுப்பில் இது 289 நிமிஷமும் 88 நிமிஷமும் ஆனது. பெண்களுக்கு 10 நிமிஷம் குறைந்தது என்று சந்தோஷப்பட்டால், ஆண்களுக்கும் 9 நிமிஷம் குறைந்திருக்கிறது. நல்ல சமத்துவம்!

ஏழு பேர், 80 ரூபாய்

இதே வேலைக்கு விலை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மொட்டை மாடியே சாட்சி. 1959ல் மும்பை கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தங்கள் கட்டடத்தின் மாடியில் அப்பளம் இட்டு விற்க ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத் பப்பட். இன்று பல்லாயிரம் பெண்கள் உறுப்பினர்கள். பிசைந்த மாவை வாங்கிப் போய் வீட்டில் அப்பளம் இட்டு, கொண்டுவந்து எடை போட்டுக் கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். உறுப்பினர்கள் எல்லோரும் பங்காளிகள். ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

யோசித்தால் ஒன்று புரியும். அந்தப் பெண்களுக்கு அப்பளம் இடத் தெரிந்தது 1959க்கு முன்பும்தான். அதே மாவு, அதே குழவி, அதே வெயில். முன்பு அது கடமை, எடை போட்ட நாளிலிருந்து வருமானம். வேலை மாறவில்லை, கணக்கு நோட்டு வந்தது. அவ்வளவுதான்.

"அன்புக்கு விலை போடுவதா?"

இந்த இடத்தில் ஒரு எதிர்ப்பு வரும். "அம்மா கையால் போட்ட ஊறுகாய்க்கு ரூபாய்க் கணக்கா? என்ன தலைமுறை இது!" என்று.

நியாயமான கோபம்தான். ஆசையோடு போடுபவர்கள் நிறைய உண்டு. வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளையின் பெட்டியில் மாவடு பாட்டிலை நாலு கவர் சுற்றி வைக்கிற அன்புக்கு ரேட் கார்டு கிடையாது, வேண்டவும் வேண்டாம். எல்லா வீட்டிலும் சம்பள ரசீது அச்சடிக்கச் சொல்லவும் இல்லை.

ஆனால் அன்பு என்று சொல்லி வேலையை ஒருவர் தலையிலேயே கட்டிவிடுவது வேறு. அன்பு இருந்தால் கூடப் போய்க் கிளறலாமே? இடுப்பு வலியோடு மாடி ஏறுபவரின் கையிலிருந்து அந்தப் பாத்திரத்தையாவது வாங்கலாமே? "இந்த வருஷம் முடியல" என்று அவர் சொல்லும்போது "கடை ஊறுகாய் யார் தின்பா" என்று முகம் சுளிக்காமலாவது இருக்கலாமே?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கணக்கில் எழுதாத வேலையை யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். மதிப்பில்லாத வேலையைக் கற்க எந்தப் பெண்ணுக்கு ஆசை வரும்? பையன்களை யாரும் கூப்பிடுவதே இல்லை. ஒரு பாட்டி போனால் அவரோடு உப்பின் அளவும் போகிறது, நார்த்தங்காயைச் சுருளாக நறுக்குகிற லாவகமும் போகிறது. மிச்சமிருப்பது "அந்தக் காலத்துல எங்க பாட்டி போட்டா பாரு..." என்கிற பெருமூச்சு மட்டும். அந்தப் பெருமூச்சை வைத்து மோர் சாதம் சாப்பிட முடியாது.

முடிவாக

ஊறுகாய் போடுவது லாபமா நஷ்டமா என்ற கேள்விக்குப் பதில், கூலியை எழுதிய பிறகுதான் தெரியும். எழுதிய பிறகும் லாபம் என்றால் தாராளமாகப் போடலாம், எல்லோரும் சேர்ந்து. நேரம் இல்லை என்றால் பக்கத்துத் தெருவில் ஊறுகாய் விற்கிற அக்காவிடம் பேரம் பேசாமல் வாங்கலாம். 20 ரூபாய் குறைக்கச் சொல்லும்போது குறைவது மாங்காயின் விலை இல்லை, அவருடைய கூலி. இரண்டுமே நேர்மையான வழிதான். ஒருவர் இலவசமாக உழைக்க, இன்னொருவர் "காசு மிச்சம்" என்று சொல்லிக்கொள்வது மட்டும்தான் பொய்க்கணக்கு.

அடுத்த கோடையில் பாட்டி வேட்டியோடு மாடி ஏறும்போது காலேஜ் பையன்களும் பின்னால் ஏறலாம். ஒரு நோட்டை எடுத்துப் போய், எத்தனை படி அரிசிக்கு எவ்வளவு உப்பு, எத்தனை நாள் வெயில், எவ்வளவு நேரம் என்று எழுதிக்கொள்ளலாம். செய்முறையும் வந்துவிடும், அடக்க விலையும் வந்துவிடும். காக்காய் விரட்டவும் ஒரு ஆள் ஆச்சு!

பி.கு: ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையின் எந்தப் பகுதியும் பொருந்தாது. அவர்களுக்கு மன்னிப்பே கிடையாது.